மூன்றாவது தட்டு சாகவில்லை

1998 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது. எங்கள் தீவில், டாலிகஞ்சில் சுள்ளென்ற வெயில். கடல் காற்றும் இல்லை. என் அறிவியல் சாதனை தொடங்கிய நேரம் அதுதான்.

அப்போது இரண்டு அறை ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் உதவியாளர். மேடம் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று உண்டு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதி, சைட்டோகைன் என்னும் சேதியைப் பிடிக்கும். உள்ளே இருக்கும் பாதி செல்லை முடுக்கும். மேடம் ஓர் ஏற்பியின் வெளிப்பாதியை வேறொன்றின் உள்பாதியோடு ஒட்டி, எலியின் செல்களில் ஏற்றியிருந்தார். இரண்டு வருட உழைப்பு. வழக்கமான சைட்டோகைன் இல்லாவிட்டால் அந்தச் செல்கள் இரண்டே நாளில் செத்துவிடும். ஆகவே மூன்று தட்டு: முதலாவதில் பழைய சைட்டோகைன், இரண்டாவதில் ஒட்டிய வெளிப்பாதி பிடிக்கும் புதியது, மூன்றாவதில் ஒன்றுமில்லை. இரண்டாவது பிழைத்து மூன்றாவது செத்தால் ஒட்டுவேலை வெற்றி.

பழைய சைட்டோகைன் ஒட்டியிருக்காதபடி செல்களை மீடியம் என்னும் வளர்ப்புத் திரவத்தில் மூன்று முறை கழுவித் தருவது என் வேலை.

மூன்றாவது தட்டு சாகவில்லை. ஏழு தடவை செய்தோம். ஏழு தடவையும் கொழுகொழுவென்று இருந்தது.

"ஒண்ணுமே குடுக்கலையே அண்ணா, எப்படி உயிரோட இருக்கு?" மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சேதி வராமலே ஏற்பி கத்துகிறது என்றால் இரண்டு வருடமும் குப்பை.

"என் கைராசி மேடம்," என்றேன். (அந்த மனிதனை இன்று பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.)

ஆய்வைத் தொடர்வதா, மூடுவதா என்று முடிவு செய்ய அவருடைய பேராசிரியரே சென்னையிலிருந்து பறந்து வந்தார். "கழுவிக் காட்டுங்க," என்றார். பெருமையாகக் காட்டினேன். முதல் கழுவலில் வடித்ததைப் பாட்டிலில் பத்திரப்படுத்தி, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அதையே ஊற்றினேன்.

"என்னய்யா பண்றீங்க?"

"இங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சார் பானி வரும். பாத்திரம் கழுவினதுல தரை துடைப்போம், அதையே செடிக்கும் விடுவோம். இது பிளேன்ல வர்ற சாமான், கொட்ட மனசு வருமா?"

"கழுவி எடுத்த சைட்டோகைன்லயே திருப்பித் திருப்பிக் குளிப்பாட்டுறீங்களே!"

மார்ச் 12, பதினொன்று ஐந்து. மேடம் சிரித்தார், ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார், மறுபடி சிரித்தார்.

எட்டாம் தடவை மேடமே கழுவினார். மூன்றாவது தட்டு ஒழுங்காகச் செத்தது. இரண்டாவது ஜம்மென்று பிழைத்தது. அதோடு ஆய்வும் பிழைத்தது.

வீட்டில் கரப்பான்பூச்சி அடித்தும் சாகவில்லை என்றால், என் மனைவி இன்றும் கேட்பாள்: "ஏங்க, இதையும் நீங்கதான் கழுவிவிட்டீங்களா?"

நான் மிச்சம் பிடித்த மீடியம் இருநூற்றுப் பத்து மில்லி. அதற்கான செலவு: இருபத்தொரு தட்டு, இருபத்து மூன்று நாள், ஒரு பேராசிரியர் போக வர விமான டிக்கெட்.