பாட்டு நின்றால் ஓரம் போ

கம்பம் பள்ளத்தாக்கில் காலைநடை போகிற அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் எங்கள் மைக்செட்டை மட்டும் நிறுத்தினால், அவர் தட்டுதான் தாழும். தொண்ணூற்றாறு கிலோ என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று ஊர் ஊராகக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர், அதனால் பெயரே மைக்செட் ஆகிவிட்டது. சர்க்கரை வந்து டாக்டர் நடக்கச் சொன்னதும், சுரைக்காய் அளவு ஸ்பீக்கரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பம்மெட்டு சாலையில் எங்களோடு சேர்ந்தார். கூட்டத்தில் ஜவுளிக்கடைக்காரர் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு தனியாகக் கேட்பார். மைக்செட்டுக்கு அது ஆகாது.

“கதவச் சாத்திக்கிட்டுக் கல்யாணச் சாப்பாடு திங்கிற மாதிரில்ல இருக்கு.”

பாட்டால் லாபம் உண்டு. ஐம்பத்திரண்டு நிமிடம் இழுத்த நடை நாற்பத்தொன்றில் முடிந்தது. நஷ்டமும் உண்டு. ஒருநாள் பழக்கதோஷத்தில், பந்திக்குக் கூப்பிடப் போடும் பாட்டைப் போட்டுவிட்டார். பதினோரு பேரில் ஏழு பேரின் கால்கள் தாமாகவே டீக்கடைக்குத் திரும்பின. பதினான்கு பருப்புவடை காலி.

என் கவலை வேறு. என் மனைவிக்கும் சர்க்கரை, காதும் மந்தம். பக்கத்துச் சத்தம் கேட்கும், தூரத்து வண்டி கேட்காது. விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளோ பறக்கும். இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். “அம்மா வீட்டுக்குள்ளயே நடக்கட்டும்” என்று மகன் போனில் சொல்லிவிட்டான். கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பதினோரு எட்டு. இரண்டு நாள் நடந்தாள், மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட்டாள்.

மைக்செட்டிடம் சண்டைக்கே போனேன். “இந்தச் சத்தத்துல எங்களுக்கே ஜீப்பு கேக்காதேய்யா. அவ எப்படி வருவா?”

“வாத்தியாரே, திருவிழாவுல பாட்டு ஓடுறப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக. கரண்டு போகட்டும், ஊரே திரும்பும். தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் கையில் ஏந்தி வந்தார். கடைசி ஆளாக, என் மனைவியை ஒட்டி நடந்தார். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் தெரிந்தால் பாட்டை நிறுத்துவார். நின்றால் எல்லாரும் ஓரம். நான்கு நாள் ஒத்திகை. சாலையில் போனவர்கள் சிரித்தார்கள்.

ஐந்தாம் நாள் நல்ல பனி. பாட்டு பாதிவரியில் அறுந்தது. எல்லாரும் திராட்சைத் தோட்டத்து வேலியோரம் ஒதுங்கினோம். இயர்போன்காரர் மட்டும் தலையாட்டிக்கொண்டே நடுவில் போனார். என் மனைவி எட்டி அவர் துண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. ஜீப் எங்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது.

அவர் காதிலிருந்து கழற்றினார். “என்னக்கா ஆச்சு?”

“காது கேக்காதது எனக்கா ஒனக்கா?” என்றாள்.

மைக்செட் கண்ணாடியைத் துடைத்தபடி, “நம்ம செட்டு கேக்காத காது இந்த ஊர்ல இல்ல தங்கச்சி” என்றார்.

கதை ஊரெல்லாம் போய்விட்டது, என் மனைவியே கொண்டுபோனாள். மகனிடம் போனில், “எனக்குப் பின்னாடி மைக்செட்டண்ணே வர்றாகல்ல, மேட்டுலருந்து மலையே எறங்குனாலும் எனக்குத் தெரியும்டா” என்கிறாள்.

போன வாரம் மைக்செட்டுக்குக் காய்ச்சல். சாலையில் ஒரு ஜீப்பின் சத்தமும் தப்பாமல் கேட்டது. யாருக்கும் நடக்கப் பிடிக்கவில்லை.