பொய் விலாசத்துக்கு ஒரு புகார்

அன்றும் ஜகதீசனின் மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. அத்தனையும் உடம்பு இளைக்கிற மாத்திரை விளம்பரம். ஜெர்மனிக்காரன் அனுப்புவதாகச் சொன்ன ஊதுபத்தி ஆர்டர் உள்ளே நுழைய இடமில்லை. அது வராவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு மச்சானின் சிமெண்டுக் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

"அனுப்பாதேடான்னு பதில் போட்டுடறேன்."

"பேடா சார், வேண்டாம். இங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்குவான்" என்றான் சரஸ்வதிபுரம் இன்டர்நெட் கடைக்காரன் தீபக்.

ஜகதீசன் கேட்டால்தானே. மறுநாள் விளம்பரம் இரட்டிப்பானது.

அனுப்புகிறவனின் இணையதளம் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று தீபக் தேடிக் கொடுத்தான். பெயர், ஏபிசி. விலாசம், நிலாத் தெரு. போன் நம்பர், வெறும் பூஜ்ஜியங்கள்.

"இந்த லட்சணத்துக்கு எவன்யா பதிவு கொடுத்தான்?"

அந்த இணையதளத்தையும் ஜகதீசனின் கம்பெனி இணையதளத்தையும் மின்னஞ்சலையும் பதிவு செய்திருந்த அமெரிக்க ஆபீசுக்கு, தீபக்கின் மின்னஞ்சலிலிருந்தே புகார் பறந்தது. அந்தத் திருட்டுப் பயல் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். அதே விளம்பரத்தை ஜகதீசனின் கம்பெனி பேரில் ஊரெல்லாம் அனுப்பினான். இப்போது உலகமே ஜகதீசனைத் திட்டியது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அமெரிக்க ஆபீஸ் ஜகதீசனிடமே விளக்கம் கேட்டது. ஆத்திரத்தில் தட்டினான்: 'எங்கள் ரெண்டு பேருக்கும் போன் போட்டு விசாரியுங்கள். பொய் விவரம் கொடுத்தவனை ஒரே அடியாக நீக்குங்கள்.'

"சரியா கேட்டீங்க சார்" என்றான் தீபக்.

அடுத்த வாரம் ஜகதீசனின் பெட்டி திறக்கவே இல்லை. தன் மின்னஞ்சலுக்கு வந்திருந்த பதிலைப் படித்த தீபக் தலையைச் சொறிந்தான்.

"ரெண்டு பேரையும் எடுத்துட்டாங்க சார். உங்க விவரமும் பொய்யாம்."

"பொய்யா? பேரு, வீடு, நம்பர் ஒவ்வொண்ணும் நிஜம்யா."

ஜெர்மனிக்காரனுக்கு இனி எந்த விலாசம் கொடுப்பது? சிமெண்டு மூட்டைகள் கண்ணில் நிற்க வீடு திரும்பினான். பக்கத்து வீட்டுக் கமலம்மாள் வாசல் கேட் அருகில் நிறுத்தினாள்.

"தம்பி, உனக்குப் போன் கனெக்‌ஷன் கிடைக்கிற வரைக்கும் எங்க நம்பரைத்தானே எல்லாருக்கும் கொடுத்திருக்கே?"

"ஆமாக்கா."

"நேத்து எவனோ வரி ஆபீஸ்காரன் போல, இங்கிலீஷ்ல உன் கம்பெனியை விசாரிச்சான். நான் உன்னை மாட்டிவிடுவேனா? கம்பெனியும் கிடையாது, ஜகதீசன்னு ஆளும் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."