மைனஸ் பதினொன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையால் நான் நலம், புது மருந்து தேட நீ ஓடவிட்டுப்போன கம்ப்யூட்டரும் நலம். போனில் வாயெடுத்தாலே "மீட்டிங்மா, அப்புறம்" என்கிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, ஆகையால் இது.

திரையில் மருந்துத் துணுக்கு ஒவ்வொன்றும், எது நன்றாக ஒட்டும் என்று நீ தேடுகிற அந்த நோய்ப் புரதத்தின் பள்ளத்தில் உட்கார்ந்து பார்த்து மார்க் வாங்குகிற வேடிக்கையைத் தினமும் பார்க்கிறேன். ஒன்று குப்புற விழும், ஒன்று காலை நீட்டும், ஒன்று பஸ்ஸில் இடம் பிடித்தவர் மாதிரி அசையாமல் இருக்கும், நானும் "இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரு" என்று சொல்லுவேன், இந்த வீட்டில் வேறு யாரிடம் சொல்ல? போன வாரம் நீ, "டிஸ்க் நிறைஞ்சிருச்சும்மா, நல்ல மார்க் வாங்கினதை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடு, இது முடிஞ்சா பத்து நாள் லீவு போட்டு வரேன்" என்றாயா, பத்து நாள் என்றதும் எனக்குக் கை பரபரத்தது. முப்பது வருஷம் வீட்டுக்கணக்கு எழுதியவளுக்கு மைனஸைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மைனஸ் பதினொன்று, மைனஸ் பத்து என்று நின்ற பெருநஷ்டக்காரர்களை எல்லாம் கடவுளை வேண்டிக்கொண்டு அழித்தேன். மைனஸ் இரண்டு, மூன்று என்று ஓரளவு மானத்தோடு இருந்தவர்களை வைத்துக்கொண்டேன். பிளஸ் நாலு என்று ஒருத்தன் இருந்தான், அவனுக்கு நோட்டில் நட்சத்திரமே போட்டேன்.

நேற்று உன்னோடு வேலை செய்யும் பெண் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, மைனஸ் எவ்வளவு கூடுதோ அவ்வளவு இறுக்கமா ஒட்டும். அந்த மைனஸ் பதினொண்ணு இருக்குல்ல?"

"இருந்துச்சும்மா."

"இருந்துச்சுன்னா?"

"பிளஸ் நாலு இருக்கு, அனுப்பட்டுமா?"

"ஐயோ, அது பக்கத்துலயே போகாது ஆன்ட்டி!"

சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை. கம்ப்யூட்டர் மூன்று வாரம் ஓடிக் கணக்குப் போட்டதாம். மறுபடி ஓட்டினால் உன் லீவும் மூன்று வாரம் தள்ளுமாம்.

தப்பு என்னுடையது. நீ வேலையைப் பார், எனக்காக ஓடி வராதே, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஒருத்திக்குச் சமைப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா, ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவத் தொடங்குமுன் முடிந்துபோகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. கடவுள் உன் கூடவே இருப்பார், அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

உன் அம்மா

பி.கு.: அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைக்கூடையில் கிடப்பதை இன்று காலை கண்டுபிடித்தேன். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. திருப்பி எடுக்கிற பட்டன் எதுவென்றும் எனக்குத் தெரியும். அழுத்தவில்லை. கடவுளிடம் சொல்லிவிட்டேன், அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. நீ வந்து அழுத்து.