தங்கள் தங்கையின் இடது முழங்கால் தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், முழங்கால் நீங்கலாக. அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலமாக இருப்பதாகவே நம்புகிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்குத் தபாலில் எழுதுவானேன் என்று தபால்காரர்கூடக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பிறகு நாம் பேசிக்கொள்வதில்லை என்று ஆகிவிட்டதால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை வட்டார சுகாதாரக் குழு கூடுகிறது. நம் பகுதி கிளினிக்கில் மஞ்சள் அட்டைத் திட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு. குழுவில் எங்கள் ஆட்கள் நான்கு பேர், உங்கள் ஆட்கள் ஐந்து பேர், அந்த ஐந்தாவது ஆள் தாங்கள். திட்டம் வந்தால், கிளினிக் மருத்துவர் எழுதித் தரும் சீட்டோடு தங்கள் தங்கை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வரிசைப்படி மூட்டு மாற்று ஆபரேஷன் நடக்கும். வராவிட்டால் பழையபடி அங்கே யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர்கள். அவள் இப்போது ஒரு படி ஏறுவதற்கு இரண்டு காலையும் வைக்க வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் துணி உலர்த்துவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது, சன்னல் கம்பியில்தான் உலர்த்துகிறாள். ஆகையால் கட்சியைப் பார்க்காமல், உடன்பிறந்தவளைப் பார்த்துத் தாங்கள் கையை உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

இந்தத் திட்டம் முதலில் எங்களுடையதுதானே என்று கேட்பீர்கள். நான் அதை மறைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் உங்கள் ஆட்சியில் இது நீல அட்டையாக வந்தது. அப்போது நான் வாய் கிழிய எதிர்த்தேன் என்பதும் உண்மை. "நம்ம வீட்டு வாசப்படியை நீல அட்டை மிதிக்கக் கூடாது" என்று தங்கள் தங்கையிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஆட்சி மாறியது, எங்கள் கட்சி நீல அட்டையை நிறுத்திவிட்டு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்தது. முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் என்பதால் இரண்டு திட்டப் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். உங்கள் புத்தகத்தில் பதினோராம் பிரிவில் ஒரு வாக்கியம் பாதியில் நின்றுவிடும், எங்கள் புத்தகத்திலும் அதே இடத்தில் நின்றுவிடுகிறது. ஆனாலும் இரண்டும் ஒன்று அல்ல. எங்களுடையது நல்ல எண்ணத்தோடு பாதியில் நிற்கிறது.

அது போகட்டும். போன மாதம் நீங்கள் மஞ்சள் அட்டையை எதிர்த்து ஊர்வலம் போவதற்கு, நாங்கள் அன்று நீல அட்டையை எதிர்த்துத் தூக்கிய பலகைகள் பரணில் இருக்கின்றனவா என்று ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். "வரிசையில் வைத்துக் கொல்லாதே" என்று எழுதியிருக்கிறதே, நிறத்தை எங்கேயும் சொல்லவில்லையே, வீணாக எதற்கு மறுபடி எழுதுவது என்று சொல்லி அனுப்பினீர்கள். நியாயமாகப் பட்டது, கொடுத்துவிட்டேன். பன்னிரண்டில் ஒன்று குறைந்ததற்குக் காரணம், தங்கள் தங்கை அதை ஒரு முக்காலிமேல் போட்டு உட்காரும்போது காலை நீட்டி வைத்துக்கொள்கிறாள். நானே எழுதிய எழுத்து, குதிகால் பட்டுப் பட்டுப் பாதி அழிந்துவிட்டது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று குழு கூட்டிய பொதுக்கூட்டத்தில் பேசுவதற்காக மஞ்சள் அட்டையை ஆதரித்து ஒன்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். என் கோப்பில் பழைய பேச்சும் இருந்தது, அதுவும் ஒன்பது பக்கம், அதுவும் என் கையெழுத்து, அதுவும் "பெரியோர்களே, தாய்மார்களே" என்றுதான் தொடங்கும். மைக் முன்னால் நின்று படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் பக்கத்தில் "இந்தத் திட்டம் ஏழை நோயாளியை வரிசையில் நிற்க வைத்தே தீர்த்துக்கட்டும்" என்று என் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டபோதுதான் எந்தத் தாளை எடுத்து வந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நிறுத்தலாம் என்று நிமிர்ந்தால், எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். உங்கள் பக்கம் "பொய்! பொய்!" என்று நாற்காலியைத் தட்டுகிறார்கள். மைத்துனரே, அதே வாக்கியத்தை முந்தின நாள் சந்தை முனையில் நீங்கள் பேசியதை நான் என் காதால் கேட்டேன். அப்படிப்பட்ட நீங்களே எழுந்து "ஆதாரம் எங்கே?" என்று கேட்டீர்கள். பிறகு மைக்கை வாங்கி, இந்தத் திட்டம் எவ்வளவு நல்லது என்று பத்து நிமிடம் விளக்கினீர்கள், உங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள், எங்கள் ஆட்கள் உங்களை உட்காரச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள்.

கடைசி வரிசையில் கிளினிக் நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் எழுந்து, "ஒரு நிமிஷம் சார், இப்ப நீங்க வேணும்ங்கறீங்களா, வேண்டாம்ங்கறீங்களா?" என்று கேட்டார். "விவரம் தெரியாம குறுக்கே பேசாதம்மா" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை உட்கார வைத்தார்கள். அன்றைய கூட்டத்தில் ஒற்றுமையாக நடந்தது அது ஒன்றுதான். கூட்டம் முடிந்ததும் எங்கள் வட்டச் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, பின்னிட்டீங்க! அவங்க முகத்துல ஈயாடலை" என்றார். தவறான பேச்சைப் படித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். "யாரு கேட்டா? நீங்க பேசினீங்கல்ல, அது போதும்" என்றார். குழு எழுத்தரின் பதிவேட்டில் "இரு தரப்பும் தத்தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருந்தனர்" என்று எழுதியிருக்கிறது. அதில் நான் திருத்த ஒரு பிழையும் இல்லை.

வாசலில் நாம் சண்டை போட்டது அதற்குப் பிறகு. "என் தங்கச்சி முட்டியே சாட்சி! நீல அட்டையை வாங்க விட்டிருந்தா அவ இன்னிக்கு ஓடுவா மாப்பிள்ளை!" என்று நீங்கள் கத்தினீர்கள். "அவ முட்டிக்காகத்தானே மஞ்சள் அட்டையைக் கேக்கறேன், நீங்கதானே குறுக்கே நிக்கறீங்க!" என்று நானும் கத்தினேன். அவளுடைய முழங்காலைப் பற்றி நான் இதுவரை மூன்று பொதுக்கூட்டங்களில் பேசியிருக்கிறேன், நீங்கள் இரண்டில். அவள் அப்போது நம் இருவருக்கும் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதிர் வீட்டுத் தையல்காரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். நாம் அதற்கப்புறமும் அரை மணி நேரம் நின்று பேசினோம்.

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மனிதனுக்குக் கட்சி வேண்டும், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்சிக்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாமா? எங்களைப் பாருங்கள், நல்லதை யார் செய்தாலும், அது எங்கள் கட்சியாக இருக்கும் பட்சத்தில், தயங்காமல் பாராட்டுகிறோம். அந்தப் பெருந்தன்மையில் கால்வாசி உங்களிடம் இருந்தால் வியாழக்கிழமை கை தானாக உயரும். தங்கையின் கால் உங்கள் கையில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், எந்த அட்டையும் தேவைப்படாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
கட்சி வேறானாலும் உறவு மாறாத
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தங்கள் தங்கை இதை எடுத்து முழுவதும் படித்துவிட்டாள். "வியாழக்கிழமை ஓட்டு எப்படிப் போனா எனக்கென்ன? எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தையல் பெட்டியைத் திறந்து, நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு நீல அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூலை எல்லாம் தேய்ந்திருக்கிறது, மூன்று வருடத்து முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. "நீங்க எதிர்ப்பு ஊர்வலம் போன அன்னிக்கே போய்ப் பதிஞ்சுட்டேன். ஊர்ல பாதிப் பேர் உங்ககூட நடந்தாங்க, மீதிப் பேர் அண்ணன் கூட்டத்துல இருந்தாங்க, கிளினிக்ல ஆளே இல்லை" என்றாள். அட்டையின் நிறம் மாறினாலும் பெரிய ஆஸ்பத்திரியில் பழைய பட்டியல் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டுதான் இருந்ததாம். கூட இருப்பவர் கையெழுத்தைத் தையல்காரம்மா போட்டுவிட்டாராம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட சொன்னா கிழிச்சுப் போடுவீங்க. அண்ணன்கிட்ட சொன்னா என்னைப் போட்டோ எடுத்து சுவரொட்டியில போடுவாரு" என்றாள். அட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தபடி, "மூணு வருஷத்துல உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது என்னைப் பார்த்து வலி எப்படி இருக்குன்னு கேட்டிருந்தா, அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம், வாக்கை உங்கள் இஷ்டம்போல் போடுங்கள். நான் வெகு நேரம் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன், அவளைப் பார்த்துக் கேட்டதாக நினைவில்லை. வெட்கமாக இருந்தது, மைத்துனரே. நீங்கள் கேட்டதுண்டா என்று மறு தபாலில் தெரிவிக்கவும். இல்லை என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.