இறக்கத்தில் மிச்சம் பிடித்த பெற்றோல்

என் மைத்துனன் தன் கலியாணத்துக்கு பஸ்ஸில் போனான். காரணம் நான்தான். இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

மைத்துனன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. கலியாணத்துக்குச் சற்று முன்புதான் புது ஒட்டோமற்றிக் கார் வாங்கியிருந்தான். லண்டன் மோர்டனில் இருந்து மண்டபத்துக்கு அதை ஓட்டும் பொறுப்பை நான் கேட்டே வாங்கினேன். (அத்தான் இருக்க வேறு யார் ஓட்டுவது?) நான் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்து ஆள். பிறகு ஜேர்மனியில் பல வருடம் கையால் கியர் மாற்றி ஓட்டியவன். இறக்கம் கண்டால் கியரைக் கழற்றி நியூற்றலில் உருளவிடுவது என் கொள்கை. (யாழ்ப்பாணத்தில் இறக்கமே கிடையாது. அந்தக் குறையை லண்டனில் தீர்த்துக்கொண்டேன்.)

மற்ற எல்லோரும் முன்னரே போய்விட்டார்கள். பின் சீட்டில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் மடியில் கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டோடு என் மனைவி. தாலி கட்டும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நானோ வழி முழுக்கப் பிரசங்கம் செய்துகொண்டு வந்தேன். ஒட்டோமற்றிக் கார் பெற்றோலைக் குடித்துத் தள்ளும், அதற்கென்ன தெரியும் முன்னால் இறக்கம் வருகிறதென்று, மனிதனுக்குத்தான் தெரியும் என்றேன். நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. நியூற்றலுக்குத் தள்ளினேன். கார் சத்தமில்லாமல் உருண்டது. கண்ணாடியில் மைத்துனனைப் பெருமையோடு பார்த்தேன்.

அடிவாரத்தில் சிவப்பு விளக்கு. நின்றோம். பச்சை விழுந்தது. அழுத்தினேன். என்ஜின் உறுமியது, கார் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பின்னால் ஹோர்ன் தொடங்கியது.

மைத்துனன் மெதுவாக, "அத்தான், கியரிலதானே நிக்குது?" என்று கேட்டான்.

"எனக்குக் கார் ஓடத் தெரியாதெண்டு சொல்றியோ?"

கியர்ப் பெட்டி முடிந்துவிட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். டாக்சிக்குக் காத்திருக்க நேரமில்லை. மண்டபப் பக்கம் போகும் பஸ் ஒன்று வந்தது. பட்டு வேட்டிக்கு ஏது பொக்கற்? பஸ் காசுக்கு என் வங்கி அட்டையை மாப்பிள்ளையின் கையில் வைத்து ஏற்றிவிட்டேன். தட்டை நெஞ்சோடு அணைத்தபடி மனைவி படியேறினாள். ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

நோர்பரியில் கராஜ் வைத்திருக்கும் தெரிந்த தம்பிக்குப் போன் அடித்தேன். அவரும் அதே கலியாணத்துக்கு வந்து மண்டபத்தில் இருந்தார். தன் காரை எடுத்துக்கொண்டு வேட்டி சால்வையோடு வந்தார். மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டது என்று யாரோ அங்கே குசுகுசுத்ததாகவும், அது பெண்ணின் காதில் விழுந்து அவள் அழுவதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். நியூற்றலிலேயே நின்ற கியரை ஒரு விரலால் தட்டினார். கார் நகர்ந்தது.

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. நான் வாதாடத் தொடங்கினேன். (ஓம், அந்த நிலையிலும்.) பெற்றோல் மிச்சம் பிடிக்கத்தான் அப்படி விட்டேன் என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் மெல்லமா அழுத்தினா அது தானாவே பெரிய கியருக்குப் போகும். என்ஜின் ஆறுதலாச் சுத்தும், பெற்றோல் குறையும். இறக்கத்தில காலை எடுத்தா உருளுற சில்லுதான் என்ஜினைச் சுத்தும், அப்ப பெற்றோலை அது முழுசா நிப்பாட்டிப்போடும். நியூற்றலில விட்டா என்ஜின் நிண்டுபோகாமல் இருக்க பெற்றோல் குடுக்கத்தானே வேணும். நீங்கள் மிச்சம் பிடிக்கேல்லை, கூடத்தான் செலவழிச்சிருக்கிறியள்."

நான் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. நல்ல நேரம் முடியச் சில நிமிடங்கள் இருக்கக் கட்டினார்களாம். கார் பழுது என்று மட்டும் சொல்லி மைத்துனன் என் மானத்தைக் காத்திருந்தான். கராஜ் தம்பி சாப்பாட்டுப் பந்தியில் உண்மையை அவிழ்த்துவிட்டார். பெண்ணின் தகப்பன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுகரிசி போட்டு வாழ்த்த மணவறைக்குப் போனேன். பெண்ணின் கண் மை கரைந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"எவ்வளவு மிச்சம் பிடிச்சனீங்கள், அண்ணை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் தங்கள் கலியாண நாளில் அவள் கேட்கிறாள், குடும்பம் முழுக்கக் காத்திருந்து சிரிக்கிறது. நானும் சிரிப்பேன். ஆனால் கரைந்த அந்தக் கண் மை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போன வருடம் என் மகளுக்குக் கலியாணம். லண்டனின் கிழக்கு மூலையில் ஏன் இவ்வளவு தூரம் தள்ளி மண்டபம் எடுத்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"அப்பா, வழியில இறக்கமே இல்லாத மண்டபம் அது ஒண்டுதான்" என்றாள்.