மாப்பிள்ளை தாலியும் கையுமாக நிற்கிறார்

டிக்கோயா, இலங்கை,
ஆவணி, 1964.

லண்டனில் கணக்கு மெஷினோடு குடித்தனம் நடத்தும் மைத்துனன் அழகுமுத்துவுக்கு, உன் அக்காள் புருஷன் பொன்னையா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லாரும் சுகம். அவ்விடம் உன் சுகமும் மெஷினின் சுகமும் அறிய ஆவல். இன்று நம் மகள் மீனம்மாவுக்குக் கல்யாணம். இன்று என்றால், இப்போது. மாப்பிள்ளை தாலியும் கையுமாக நிற்கிறார். நான் சமையல் கொட்டகையில் ஒரு தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். எல்லாம் போன மாதம் நீ எழுதிய கடிதத்தால் வந்தது.

மெஷினுக்குக் கட்டளை எழுதும் வித்தையை அதில் விளக்கியிருந்தாய். கட்டளைகளுக்கு நடுநடுவே, 'இந்த இடத்தில் இது இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று ஓர் உறுதிவரி எழுதுவீர்களாம். அந்த வரி பொய்யானால் மெஷின் அங்கேயே நின்றுவிடுமாம். தப்போடு ஓடுவதைவிட நிற்பது மேலாம். படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷின்களோடு கிடந்தே தலை நரைத்தவன் நான். பல்சக்கரம் உடைந்தாலும் அலறிக்கொண்டு ஓடுகிற மெஷினைத்தான் பார்த்திருக்கிறேன். தன் தப்பைத் தானே கண்டு நிற்கிற மெஷினா! மனிதனே செய்யாத காரியம் ஆயிற்றே.

நம் வீட்டுக் கல்யாணத்தை அப்படி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. உறுதிவரிகளை எழுதி, ஸ்டோர் மணி அடிக்கும் மூக்கனிடம் கொடுத்தேன். ஒரு வரி பொய்யானாலும் மணியை அடி, எல்லாரும் நிற்கட்டும், சரியாகும்வரை விடாதே, நானே வந்து கெஞ்சினாலும் விடாதே என்றேன். நம் தோட்டத்து ஜனத்தைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மணிக்கு எழுந்து, மணிக்கு மலையேறி, மணிக்குக் கொழுந்து நிறுக்கிற ஜனம். கல்யாணத்தில் மட்டும் கேட்காமல் போகுமா?

முதலில் சாம்பாரில் உப்பு இல்லை. மணி! நாதஸ்வரக்காரர் ஊதிய கன்னத்தோடு நின்றார், வாழை கட்டியவன் ஏணியில் நின்றான், வட்டவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றி வந்த லொறி மேட்டில் பாதியில் நின்றது. டிரைவர் நம் தோட்டத்தில் பிறந்தவன். கடைசியில் மூக்கனே போய் உப்பைப் போட்ட பிறகுதான் எல்லாம் அசைந்தது. அடுத்து, மாப்பிள்ளை லொறியை விட்டு இறங்கியதும் ஒரு செருப்பைச் சேறு விழுங்கிவிட்டது. இரண்டு காலிலும் செருப்போடு வர வேண்டும் என்பது என் வரி. மணி! தேடி எடுக்கும்வரை மழையில் ஒற்றைக் காலில் நின்றார், தங்கமான பையன். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு தப்புகூட நம்மைத் தாண்டிப் போகவில்லை பார்!

தாரை வார்த்துக் கொடுத்தேன். ஐயர் தாலியை எடுத்து நீட்டினார். கெட்டிமேளத்துக்குக் கை தூக்கிய நேரத்தில், மணி! 'பெண்ணுக்குப் பக்கத்தில் தாய்மாமன் நிற்க வேண்டும்.' லீவு இல்லை என்ற உன் தந்தி முந்தாநாள்தான் வந்தது, தம்பி. அந்த வரியை அழிக்க மறந்துவிட்டேன். மாப்பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளைதானே, மணி கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. "விடுடா மூக்கா, அவரு லண்டன்ல இருக்காரு" என்றேன். "கெஞ்சுனாலும் விடக்கூடாதுன்னு நீங்கதானங்க சொன்னீங்க" என்கிறான். சம்பந்தி பழனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது கல்யாணப் பந்தலா, ஆளெண்ணுற பெரட்டுக் களமாங்க? நல்ல நேரம் போச்சுன்னா நாங்க லொறிய எடுத்துருவோம்" என்று சத்தம் போடுகிறார். மீனம்மா தலை நிமிரவில்லை. ஒரே மகள். அதுதான் பேனாவும் கையுமாக இங்கே வந்துவிட்டேன்.

நிற்பதைப் பற்றி அவ்வளவு எழுதினாயே, நின்ற மெஷினை மறுபடி ஓட்டுவது யார் என்று ஏன் எழுதவில்லை? உப்பு இல்லாததும் தாய்மாமன் இல்லாததும் மெஷினுக்கு ஒன்றுதானா? எந்தத் தப்பைச் சமாளித்துக்கொண்டு மேலே போகலாம், எந்தத் தப்புக்கு எல்லாவற்றையும் நிறுத்தியே ஆக வேண்டும், அதை யார் முடிவு செய்வது? இன்னொன்று, சிரிக்காதே: எழுதிய வரியே தப்பாக இருந்தால், அதைப் பிடிக்க ஒரு வரி உண்டா? கடிதம் கிடைத்ததும் தந்தி கொடு. நல்ல நேரம் முடிவதற்குள் வந்தால் விசேஷம்.

நீ நோய்நொடி இல்லாமல், நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நின்று, குளிருக்குக் கம்பளி போர்த்தி, நெடுங்காலம் வாழ முருகனை வேண்டும்,

பொன்னையா.

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். கையெழுத்துப் போடும்போதே கெட்டிமேளம் கேட்டது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். மீனம்மா கழுத்தில் தாலி ஏறிவிட்டிருந்தது. உன் அக்காள் மூக்கனிடம், "எந் தம்பி பொறந்த வயித்துலதாண்டா நானும் பொறந்தேன், அவன் எடத்துல நான் நிக்கிறேன்" என்று மகள் பக்கத்தில் போய் நின்றாளாம். அவனும் யோசித்துப் பார்த்துவிட்டு, "சரிங்கம்மா" என்று மணியைக் கீழே வைத்தானாம். ஊரே அட்சதை போட்டது, நான் ஒருவன் தவிர. "நான் இல்லாததுக்கு ஏண்டா மணி அடிக்கல?" என்று கேட்டேன். "தாலி கட்டுறப்ப பொண்ணோட அப்பா இருக்கணும்னு நீங்க எழுதலீங்களே" என்றான்.