காலி நஹி அண்ணனும் கடைசிப் பயணியும்

இந்தத் தீவுகளில் காலியிடம் என்ற ஒன்றையே ஒழித்துக்கட்டப் பிறந்தவர் 'காலி நஹி' அண்ணன். பஸ்ஸில் ஒரு சீட் காலியாக இருந்தால் ரோட்டில் போகிறவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். போர்ட் பிளேரில் நாங்கள் வேலை பார்த்த கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பதிவுகள் அவர் பொறுப்பு.

பயணிகளின் விவரத்தில் 'அவசரத்துக்கு யாரை அழைப்பது?' என்ற பத்தியைப் பலர் நிரப்பாமலே விட்டிருந்தார்கள். இனி அது காலியாக இருந்தால் பதிவே ஆகாது என்று அண்ணன் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டார். அது மறுத்துவிட்டது. பழைய பதிவுகளில் ஒன்றே ஒன்று காலியாக இருந்தாலும் அந்தக் கட்டளையை ஏற்காதாம்.

"எல்லாத்துலயும் ஒரு கோடு போட்டு விடுங்கண்ணே, கதம், வேலை முடிஞ்சுது!" என்றேன்.

"கப்பல்ல ஒருத்தன் மயங்கி விழுந்தா, கோட்டுக்கா போன் பண்ணுவே?"

அந்தப் பயணிகளை ஒவ்வொருவராக அவரே போனில் பிடித்தார். ஓர் அம்மாள், "யாருக்கு வேணா சொல்லுங்க, என் வீட்டுக்காரருக்கு மட்டும் வேணாம்" என்றார். கடைசியாக மிஞ்சியவர் திக்லிபூரில் பாக்குத் தோட்டத்தில் தனியாக இருந்த மாரிமுத்து.

"உங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குச் சொல்லணும்?"

"எதுக்குச் சொல்லணும்? எனக்கே தெரிஞ்சிடுமே!"

"மஜாக் பண்ணாதீங்க. சொந்தக்காரங்க?"

"இருந்தாங்க."

அண்ணன் போனை மெல்ல வைத்தார். பிறகு அந்த இடத்தில் தன் எண்ணையே அடித்தார். கம்ப்யூட்டர் கட்டளையை ஏற்றுக்கொண்டது. நாங்கள் கை தட்டினோம், அவர் சிரிக்கவில்லை.

மழைக்காலத்தில் அந்த எண்ணுக்குப் போன் வந்தது. மாரிமுத்து கப்பலில் மயங்கி விழுந்திருந்தார். அண்ணன் செருப்புகூடப் போடாமல் ஹேடோ துறைமுகத்துக்கு ஓடினார்; பின்னாலேயே நான். ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது மாரிமுத்து கண் திறந்தார்.

"நீங்க யாரு?"

"போன்ல உங்களோட மல்லுக்கட்டினவன்."

"அச்சா! குரலைக் கேட்டு பெரிய ஆளுன்னு நெனச்சேன். இம்புட்டுக் குள்ளமா?"

அண்ணன் ஒரே நேரத்தில் சிரித்து, அழுது, என்னை வேறு திட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை நேரே குட்வில் எஸ்டேட்டிலுள்ள தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். உடம்பு தேறும்வரை மீன் குழம்பில் புளி அதிகமா குறைவா என்று இருவருக்கும் ஓயாத சண்டை.

மாரிமுத்து ஊருக்குக் கிளம்பிய அன்று ஏற்றிவிட நானும் போயிருந்தேன். கப்பல் மறைந்த பிறகும் அண்ணன் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். மழை வலுத்தது. போகலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.